எம்டனைத் தேடி: இங்கிலாந்தில் ஒரு வாரம்

அப்பா மதுரையில் சினிமா கொட்டகைகளுக்கு ஸ்லைடு எழுதிக் கொடுத்தவர். கண்ணாடியில் கறுப்பு மை பூசிக் காயவைத்து, ஊசியால் கீறி எழுத்தெடுப்பார். இடைவேளையில் அது நகைக்கடை விளம்பரமாகத் திரையில் விழும். அவர் போன பிறகு அவருடைய தகரப் பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஸ்லைடு கிடைத்தது. அது அவர் எழுதியது இல்லை. சாம்பல் நிறக் குதிரைகள் வரிசையாக நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் படம், கையால் வண்ணம் ஏற்றியது. யார் கொடுத்தார்கள், ஏன் பத்திரப்படுத்தினார் என்று கேட்க ஆள் இல்லை.

அங்கிருந்துதான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. சினிமாவுக்கு முன்னால் திரையில் படம் காட்டிய மேஜிக் லேண்டர்ன் என்கிற மாயவிளக்குக்காகச் செய்த கண்ணாடிப் படங்களில், போர் சம்பந்தப்பட்டவற்றைப் பன்னிரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் தேடுவது ஒரே படம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டு. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மிரண்டு ஓடியது. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன். அந்தத் தீயை இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர்க் கூடத்தில், வெள்ளைத் துணியில் விளக்கொளியில் காட்டியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அந்தக் கண்ணாடி எனக்கு வேண்டும்.

அக்டோபர் 11, சனி: லண்டன், போர்ட்டபெல்லோ சாலை

ஈஸ்ட் ஹாமில் சித்தி மகள் வீட்டில் தங்கல். காலை ஐந்தரைக்கே கிளம்பினேன். போர்ட்டபெல்லோ சாலைச் சந்தையில் பழம்பொருள் வியாபாரம் சனிக்கிழமைதான் சூடு பிடிக்கும். விடிவதற்குள் வியாபாரிகளே கையில் டார்ச் வைத்துக்கொண்டு ஒருவரிடம் ஒருவர் வாங்கிவிடுவார்கள். எட்டு மணிக்குப் போனால் அவர்கள் கழித்ததுதான் நமக்கு.

முதல் மேசையிலேயே ஒரு படம் ஆசை காட்டியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர், பீரங்கி இழுக்கும் மாடுகள், 25 பவுண்டு. பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வரிசை பிசகாத சின்னச் சின்னப் புள்ளிகள். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்து இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புள்ளி தெரிந்தாலே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கல் அச்சில் எடுத்துக் கண்ணாடிக்கு மாற்றிய படங்களும் உண்டு, அவற்றிலும் புள்ளி இருக்கும். ஆனால் அது கை வைத்த புள்ளி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். அசல் புகைப்பட ஸ்லைடில் புள்ளியே கிடையாது.

உள்ளே ஒரு சந்துக்கடையில், கம்பளித் தொப்பி போட்ட முதியவர். தொடலாமா என்று கேட்டேன். கேட்டதற்கே முகம் மலர்ந்துவிட்டது. "ஓரத்தைப் பிடிக்கத் தெரிந்தவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்றார். மதப் பிரசாரம், மதுவிலக்குப் பிரசாரம், ஆல்ப்ஸ் மலை என்று ஒரு பெட்டி முழுக்க. அதெல்லாம் ஒன்று இரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். ராணுவம் என்றால் மட்டும் விலை ஏறிவிடும், பதக்கமும் தொப்பியும் சேர்ப்பவர்கள் போட்டிக்கு வருவதால். பெட்டியின் கடைசியில் ஒன்று: பெரிய அரண்மனைக் கூடம், மேலே தாமரை வடிவில் சரவிளக்குகள், கீழே வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் தலைப்பாகையோடு நம் ஆட்கள். ஓரத்துக் காகிதத்தில் மையால் 'இந்தியக் காயம்பட்டோர், பிரைட்டன்' என்று மட்டும் எழுதியிருந்தது. எட்டு பவுண்டு சொன்னார், ஏழுக்குக் கொடுத்தார். நம் கணக்கில் எண்ணூறு ரூபாய்க்கு மேல்.

எரியும் சென்னை இருக்கிறதா என்று கேட்டேன். நாற்பது வருடத்தில் பார்த்ததில்லை என்றார். ஆனால் இன்னொருவர் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "இவரிடம் என் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு: ஈஸ்ட் ஹாம்

நாள் முழுக்கத் தூறல். ஹை ஸ்ட்ரீட்டில் மசால் தோசை ஆறு பவுண்டு. சட்னி நன்றாக இருந்தது, சாம்பார் இனித்தது. தங்கை வீட்டில் தீபாவளிக்கு முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணெய்ப் புகைக்கு எச்சரிக்கைக் கருவி மூன்று தடவை அலறியது.

சாயங்காலம் மருமகனுக்கு, தங்கையின் பையனுக்கு, ஸ்லைடைக் காட்டினேன். பன்னிரண்டு வயது, நல்ல கேள்வியாகக் கேட்டான். "மாமா, இந்த ரெண்டு வெள்ளைப் பொட்டு எதுக்கு?" ஸ்லைடின் ஒரு விளிம்பில் இரண்டு வெள்ளை வட்டம் ஒட்டியிருப்பார்கள். விளக்கில் படத்தைத் தலைகீழாகத்தான் செருக வேண்டும். இருட்டில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று கண்டுபிடிக்க அந்தப் பொட்டு. பிறகு ஸ்லைடின் உடம்பை விளக்கினேன். படம் உள்ள கண்ணாடி, அதன் மேல் நடுவில் ஜன்னல் வெட்டிய கறுப்புக் காகிதம், அதற்கு மேல் மூடுகண்ணாடி, நான்கு ஓரமும் கறுப்புக் காகித நாடா. பிரிட்டனில் பெரும்பாலும் மூணேகால் அங்குலச் சதுரம். மூடுகண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தவிர எதையும் துடைக்கக் கூடாது. உள்ளே இருப்பது ஜெலட்டின், ஈரம் பட்டால் படம் எழும்பி வந்துவிடும்.

அக்டோபர் 13, திங்கள்: பிரைட்டன்

வானம் மூடியே இருந்தது. ஆனாலும் கடலைப் பார்த்ததும் மனசு லேசானது. மணல் கிடையாது, கூழாங்கல் கரை. நடந்தால் சரசரவென்று சத்தம்.

ராயல் பெவிலியன் ஒரு ராஜா தன் ஆசைக்குக் கட்டியது. வெளியே முகலாய கும்மட்டங்கள், உள்ளே சீன டிராகன்கள். 1914 டிசம்பரில் இதையும் பக்கத்து டோம் கட்டடத்தையும் இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பிரான்சில் அடிபட்டவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். சாதி, மதம் பார்த்து ஒன்பது சமையலறைகள், இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள்.

இசைக்கூடத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அதே தாமரை விளக்குகள். 1975இல் யாரோ தீ வைத்தார்கள், பழுது பார்த்து முடித்ததும் 1987 புயலில் கூரையைப் பொத்துக்கொண்டு கல் உருண்டை ஒன்று உள்ளே விழுந்தது. அதற்குப் பிறகும் மீட்டிருக்கிறார்கள். ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கேமரா நின்ற இடத்தைத் தேடினேன். காவலுக்கு இருந்த அம்மா அருகில் வந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அந்தக் கதவோரம்" என்றார். சரியாக அமைந்தது. முன் கட்டிலில் ஒருவர் கேமராவைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் பார்த்த விளக்கைத்தான் நானும் பார்த்தேன்.

மத்தியானம் சிப்ஸ், நான்கரை பவுண்டு. வினிகர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஊற்றினார் கடைக்காரர். புளித்துச் சூடாக நன்றாகவே இருந்தது. ஒரு கடற்காக்கை கையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது.

அப்புறம் பஸ் பிடித்து பேட்சம் போய், புல்வெளி மேட்டில் ஏறி, சத்ரி என்கிற நினைவு மண்டபத்துக்குப் போனேன். சேறு கணுக்கால் வரை. ஆஸ்பத்திரியில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை அந்த மேட்டில்தான் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921இல் வெள்ளைச் சலவைக்கல்லில் மண்டபம் எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் பயிற்சிக்கு வந்த சிப்பாய்கள் இதையே குறிவைத்துச் சுட்டுப் பழகினார்களாம். 53 பேரின் பெயர்களைக் கல்லில் வெட்டி இங்கே வைத்தது 2010இல்தான். நான் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன, மனிதர் யாரும் இல்லை. என் பையில் இருக்கும் கண்ணாடியில் 'காயம்பட்டோர்' என்று மட்டும்தான் இருக்கிறது. இந்தப் பெயர்களில் ஒன்று அந்தக் கட்டிலில் படுத்திருந்தவருடையதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்: லீட்ஸ்

துண்டுச் சீட்டில் இருந்த ஆளோடு இரண்டு நாளாக மெசேஜில் பேசி, ஜூலு போர் ஸ்லைடு இருபது பார்ப்பதாக ஏற்பாடு. 1879இல் தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்கிற இடத்தில் பிரிட்டிஷ் தரப்பில் நூற்றைம்பது பேர் ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களை ஓர் இரவு முழுக்கத் தடுத்து நின்ற சண்டை. பதினொரு பேருக்கு விக்டோரியா சிலுவை என்கிற பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது, அதனால் ஸ்லைடு போடுபவர்களுக்கு நல்ல சரக்கு. ஸ்டேஷன் காப்பிக் கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மூன்றாவது காப்பி முடியும்போது 'விற்றுவிட்டேன்' என்று மட்டும் மெசேஜ். ரயில் டிக்கெட்டுக்கே எழுபது பவுண்டு செலவு. கோபம் வந்தது. முந்தின இரவே சொல்லியிருக்கலாம்.

ஆனால் லீட்ஸில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அப்பா பெட்டியில் இருந்த அந்தக் குதிரைகள். லேடி பட்லர் என்ற பெண் ஓவியர் 1881இல் வரைந்த ஓவியத்தின் பிரதி அது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் ஸ்காட்ஸ் கிரேஸ் என்கிற பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்த காட்சி. மூலம் லீட்ஸ் ஆர்ட் கேலரியில் இருக்கிறது, நுழைவு இலவசம்.

ஆறடிக்கு மேல் அகலம். ஸ்லைடில் வட்டமாக வெட்டிய கறுப்புக் காகிதம் இரண்டு ஓரத்துக் குதிரைகளையும் விழுங்கியிருந்தது இங்கே வந்துதான் தெரிந்தது. இடது ஓரத்தில் இத்தனை பேர் வருகிறார்களா! குளம்படியில் மண் தெறிக்கிறது, ஒரு வாய் கத்துகிறது, அதற்குப் பின்னால் இன்னொரு வாய். லேடி பட்லர் ஒரு போரையும் நேரில் பார்த்ததில்லை. குதிரைப்படை தன்னை நோக்கிப் பாய்ந்து வருவதைப் பயிற்சி மைதானத்தில் நின்று பார்த்துவிட்டு வரைந்தார்.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. இந்தக் கேலரிக்கு வந்து மூலத்தைப் பார்த்தவர்களைவிட, ஊர்ப்புறத்துக் கூடங்களில் ஸ்லைடாகப் பார்த்தவர்களுக்கு இது பெரிய படம். லைம்லைட் என்பது, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சுடரில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி எடுக்கிற வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மூணேகால் அங்குலக் கண்ணாடி பதினைந்து அடித் துணியை நிரப்பும். குதிரை ஆளைவிடப் பெரிதாக வரும். மதுரையில் அப்பாவுக்கு யாராவது அப்படிப் போட்டுக் காட்டியிருப்பார்களா?

ராத்திரி தங்கிய வீட்டுக்கார அம்மா என்னை 'லவ்' என்று கூப்பிட்டார். பஸ் டிரைவரும் அப்படித்தான், ஆண் ஆணையே. நம் ஊரில் 'ராசா', 'கண்ணு' என்பது மாதிரி இந்தப் பக்கத்து வழக்கு.

அக்டோபர் 15, புதன்: ஹோம்ஃபர்த்

ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பஸ். பள்ளத்தாக்கு முழுக்கக் கரிய கல் வீடுகள், நடுவே ஓடை. இங்கேதான் ஜேம்ஸ் பாம்ஃபர்த் 1870இல் ஸ்டுடியோ ஆரம்பித்தார். பின்னணித் திரைகளை அவரே வரைந்து, ஊர்க்காரர்களையே வேஷம் போட்டு நிற்கவைத்து, கதையைப் படம் படமாக எடுத்து ஸ்லைடாக விற்றார். போர் என்றால் இவரிடம் பீரங்கி கிடையாது. சிப்பாய் விடைபெறுவான், மனைவி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுவாள், அவள் தலைக்கு மேல் புகை மாதிரி அவன் உருவம் தெரியும். இரண்டு படத்தை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிக்கும் வித்தை. சினிமாவில் நாம் பார்த்த கனவுக் காட்சி எல்லாவற்றுக்கும் இது தாத்தா முறை.

ஒரு சாமான் கடையில் அப்படி ஒரு வரிசையில் மூன்று கிடைத்தன, பன்னிரண்டு பவுண்டு. மற்றவை போன இடம் தெரியவில்லை. சண்டையைக் காட்டுகிற ஸ்லைடுகளைவிட இவை எனக்கு அதிகம் பிடிக்கின்றன என்பதை இந்தப் பயணத்தில்தான் உணர்ந்தேன். அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியிருக்கும் வாணலி கூட வரைந்ததுதான், ஆனால் அந்தப் பெண்ணின் கை நிஜமாகவே வேலை செய்து காய்த்த கை.

பேக்கரியில் பார்க்கின் என்று ஒரு கேக். ஓட்ஸ், இஞ்சி, கருப்பு வெல்லப்பாகு. அக்டோபர் நவம்பரில்தான் இந்தப் பக்கம் அதிகம் செய்வார்களாம். ஒரு துண்டு இரண்டு பவுண்டு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் தீபாவளி லேகியத்தின் தூரத்துச் சொந்தம். நான்கு துண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்: லிங்கன், ஹெம்ஸ்வெல்

ஹெம்ஸ்வெல் ஒரு பழைய விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு ஸ்குவாட்ரன்கள் இங்கிருந்து குண்டுவீசப் பறந்தன. இப்போது சிப்பாய்கள் தூங்கிய கட்டடங்களில் பழம்பொருள் கடைகள். லிங்கனிலிருந்து டாக்ஸியில் போனேன், 38 பவுண்டு, வயிற்றைக் கலக்கியது. ரோமானியர் போட்ட சாலை கோடு கிழித்தது மாதிரி நேராகப் போய், ஸ்காம்ப்டன் தளத்தருகே திடீரென்று வளைகிறது. குண்டுவீச்சு விமானங்களுக்காக ஓடுபாதையை நீட்டியபோது சாலையை வளைத்தார்களாம். டிரைவர் சொன்னார்.

மூன்று மணி நேரம் தேடினேன். அலமாரி அலமாரியாகப் பீங்கான். கடைசிக் கட்டடத்தின் மாடியில், படிக்கட்டுக்கடியில் பள்ளம் பள்ளமாக வெட்டிய மரப்பெட்டி. ஐம்பதுக்கு இடம், உள்ளே முப்பத்தொன்று. ஏதோ பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கான பெட்டி. பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர், ஜட்லாண்ட் கடற்போர் வரைபடம், டாங்கி ஒன்று. பத்தொன்பதாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புகைபோக்கிகள் சரிந்து, நடுவே கிழிந்து, பவளப்பாறை மேல் ஏறி நிற்கும் கப்பல். பெயரைப் படிக்கத் தேவையே இல்லை. எம்டன்.

சென்னையைச் சுட்ட ஏழாவது வாரம், 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. மூழ்காமல் இருக்க அதன் கேப்டன் வான் முல்லர் கப்பலை வேண்டுமென்றே பாறையில் ஏற்றினார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நான் தேடிய படம் இது இல்லை. எரியும் தொட்டிகள் வேண்டும் என்று வந்தவன், சுட்ட கப்பலின் பிணத்தைக் கையில் வைத்திருந்தேன். கை நடுங்கியது. மீதிப் பன்னிரண்டையும் பார்த்தேன். சென்னை இல்லை.

கடைக்கார அம்மா தனியாக விற்க யோசித்தார், பெட்டியோடு தொண்ணூறு என்றார். நான் எங்கிருந்து வருகிறேன், ஏன் இது மட்டும் வேண்டும் என்று சொன்னேன். எங்கள் ஊரில் கெட்டிக்காரப் பயல்களை இந்தக் கப்பல் பெயரால் கூப்பிடுவோம் என்றதும் சிரித்து, "ஆறு கொடுங்கள்" என்றார். திரும்பிப் போக டாக்ஸி கிடைக்கவில்லை. கடை அடைத்ததும் அவரே தன் காரில் லிங்கன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். பெட்ரோலுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். ஹோம்ஃபர்த் பார்க்கின் ஒரு துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 18, சனி: விமான நிலையம்

ஸ்லைடுகளைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன். சோதனையில் தனியாக எடுத்தார்கள். இளம் அதிகாரி ஒருவர், ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி விளக்கில் பார்த்து, பிரைட்டன் படத்தில் கொஞ்சம் நின்றார். பெயர்ப்பட்டையைப் பார்த்தேன், பஞ்சாபிப் பெயர். ஒன்றும் சொல்லவில்லை. என்னைவிடப் பத்திரமாகத் திரும்ப அடுக்கிக் கொடுத்தார்.

சேதம் அதற்கு முன்பே நடந்திருந்தது. லிங்கன் ரயிலில் மேல்தட்டிலிருந்து பை சரிந்தபோது எம்டனின் மூடுகண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டுவிட்டது. படக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானம் இறங்கும் வரை அதை மடியில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி: சென்னை

தீபாவளி முடிந்து மூன்று நாள் மழை. இன்று கொஞ்சம் விட்டதும் தேவராஜ முதலி தெருவுக்குப் போனேன். படச்சட்டத்துக்குப் போடுகிற கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் கனம், ஸ்லைடுக்கு அது ஆகாது, விளக்கின் பள்ளத்தில் நுழையாது. நான்கு கடையில் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடையில் பெரியவர் ஒருவர் அளவு கேட்டார். மூணேகாலுக்கு மூணேகால், மெல்லிசாக வேண்டும் என்றேன்.

"தியேட்டர் சிலேடா சார்? அதெல்லாம் இப்ப யார் போடறாங்க?"

உள்ளே போய், யார் வீட்டிலோ கழித்த பழைய போட்டோ சட்டத்தைக் கொண்டுவந்தார். அதிலிருந்த கண்ணாடி காகிதம் மாதிரி மெல்லிசு. வைரமுனையால் ஒரே இழுப்பு, தட்டினார், உடைந்தது. மூன்று வெட்டிக் கொடுத்தார், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. அறுபது ரூபாய்.

காகிதத்தில் சுற்றிய கண்ணாடியோடு ஹைகோர்ட்டின் கிழக்குச் சுவர் வரை நடந்தேன். எம்டனின் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் அங்கே இருக்கிறது. மழையில் நனைந்து எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எதிரே சாலை, அதற்கப்பால் துறைமுகம். தொட்டிகள் எரிவதைப் படமெடுத்தவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று இடமும் வலமுமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது, கண்ணாடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.